ஆடித் தள்ளுபடி மெத்தையை கார் கூரையில் கட்டிக் கொண்டுபோகலாமா? (நெல்லை – நாகர்கோவில்)

பார்வதிபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஆடித் தள்ளுபடியில் ஒரு கட்டிலும் மெத்தையும் பேசி வைத்திருக்கிறேன். மெத்தை 78-க்கு 60 இஞ்ச், 8 இஞ்ச் கனம், விலை 18,000. நாகர்கோவிலில் கொண்டுவந்து இறக்க கடைக்காரர் தனியாக 1,800 ரூபாய் கேட்கிறார். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததை வண்டிக்கூலியில் விட மனசு வரவில்லை.

என்னிடம் வேகன்ஆர் இருக்கிறது. மேலே கேரியர் கிடையாது. பழைய போர்வையை விரித்து, அதன்மேல் மெத்தையைப் போட்டு, கதவைத் திறந்து உள்ளே கயிறு விட்டுக் கட்டிவிட்டால் போதாதா? 80 கிலோமீட்டர்தானே, ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருக்கிறேன். என்ன கயிறு வாங்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அக்கா கல்யாணத்துக்குச் சீர் பீரோவையே அம்பாசடர் தலையில் ஏற்றிச் சங்கரன்கோவிலில் இருந்து கொண்டுபோனார்கள். இரும்பு பீரோவே போயிருக்கிறது, மெத்தை என்ன பெரிய கனமா? நைலான் கயிறு வாங்கி நாலு சுற்று சுற்றுங்கள், முடிந்தது.

குட்டியானைக்காரன்

தம்பி, நான் வள்ளியூரில் லோடு வண்டி ஓட்டுகிறேன். கூலி போய்விடுமே என்று பேசுகிறான் என நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி காவல்கிணறு வரைக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. காற்று பக்கவாட்டில் தள்ளும், வண்டி லேசாக ஆடும், அவ்வளவுதான். ‘இதற்கா இத்தனை பயம்’ என்று நினைப்பீர்கள். காவல்கிணற்றில் நாகர்கோவில் ரோட்டுக்குத் திரும்பினால் மேற்கே பார்த்துப் போக வேண்டும். அங்கே இருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாய். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அத்தனை காற்றாலையை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உங்கள் மெத்தை எம்மாத்திரம்?

இன்னொரு விஷயம், கயிறு. மெத்தையை கூரையில் வைத்துக் கட்டுகிறவர்கள் எல்லாரும் நடுவில்தான் கட்டுகிறார்கள். கதவு வழியாக உள்ளே விட்டு வெளியே எடுத்தால் கயிறு வண்டியின் நடுப்பாகத்தில் மட்டும்தான் விழும். மெத்தையின் முன்பக்க விளிம்பு, முன் கண்ணாடிக்கு நேர் மேலே, சும்மா கிடக்கும். எதிரில் வருகிற காற்று கண்ணாடியில் பட்டுச் சரிந்து மேலே ஏறி அந்த விளிம்புக்கு அடியில்தான் போய் நுழையும். முதலில் லேசாகத் தூக்கிப் போட்டுப் பார்க்கும். ‘டப் டப்’ என்று கூரையில் அடிக்கிற சத்தம் உள்ளே கேட்கும். அப்போதே ஓரங்கட்டவில்லை என்றால் அடுத்த லாரி எதிரில் கடக்கும்போது மொத்தமும் எழுந்து நிற்கும்.

நைலான் கயிறு இழுத்தால் நீளும். கடை வாசலில் இரண்டு பேர் காலை வைத்து இழுத்துக் கட்டினாலும், ஃபோம் அமுங்க அமுங்க, வண்டி குலுங்கக் குலுங்க, கயிறு தொளதொளத்துவிடும். அதனால்தான் நாங்கள் லோடு ஏற்றினால் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்திக் கயிற்றை இன்னொரு தடவை முறுக்குவோம். டீ குடிப்பதற்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பார்வதிபுரத்தான்

நன்றி அண்ணாச்சி. நான் வேகமாகப் போக மாட்டேன், 50-க்கு மேல் தாண்ட மாட்டேன். மச்சானும் கூட வருகிறான். இடது பக்கம் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒரு கையால் மெத்தையைப் பிடித்துக்கொள்வான். அப்படியென்றால்?

பிளஸ் டூ வாத்தியார்

மச்சானின் கையைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயற்பியல் பாடம் எடுக்கிறவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

78-க்கு 60 இஞ்ச் என்றால் ஏறத்தாழ 3 சதுர மீட்டர். காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மெத்தை முழுதாக எழுந்து காற்றை எதிர்த்து நின்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் விழுவது கிட்டத்தட்ட 22 கிலோ எடைக்குச் சமமான விசை. 80-ல் போனால் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு, அதாவது 90 கிலோ.

இதில் எல்லாரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. ஸ்பீடாமீட்டர் காட்டுவது ரோட்டின்மேல் உங்கள் வேகம். மெத்தைக்குத் தெரிவது காற்றின்மேல் உங்கள் வேகம். நீங்கள் 50-ல் போகிறீர்கள், கணவாயில் எதிர்க்காற்று 40-ல் வீசுகிறது என்றால் மெத்தையைப் பொறுத்தவரை அது 90. விசை 110 கிலோவைத் தாண்டும். 80-ல் போனால் 200 கிலோ.

ஒரே நொடியில் முழுதாக எழும்பாது, பாதி எழும்பினாலே போதும். மெத்தையின் எடை 25, 30 கிலோ இருக்கும். அதையும் மீறி மேலே போகத்தான் செய்யும். மச்சான் கையை விட்டுவிட்டால் தப்பித்தார். கெட்டியாகப் பிடித்திருந்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

தோவாளை அக்கா

ஆளாளுக்கு மெத்தை என்ன ஆகும், மச்சான் கை என்ன ஆகும் என்றே பேசுகிறீர்கள். நான் அந்த ரோட்டில் தினம் ஸ்கூட்டியில் போகிறவள். பின்னால் வருகிறவர்களைப் பற்றி யாராவது நினைத்தீர்களா?

மெத்தை விழுவதற்கு ரொம்ப நேரம் முன்னாடியே அதன் பாலித்தீன் உறை கிழிந்துவிடும். கடையில் சுற்றித் தருவார்களே, அந்தக் கண்ணாடித்தாள் உறைதான். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தால் போதும், காற்று உள்ளே போய் மொத்தமாக உரித்துவிடும். ஒரு தடவை அது அப்படியே பறந்து வந்து என் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ படபடக்கிறது, ரோடு தெரியவில்லை. பிரேக் போட்டால் பின்னால் பஸ். ஒரு கையால் பிய்த்து எறிந்துவிட்டு எப்படியோ ஓரத்துக்கு வந்தேன். மேலே மெத்தை கட்டிப் போன கார் நிற்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல்.

2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் ஒரு லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு மேல். அதில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். காருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் விழுந்தால் இன்னொரு கார்க்காரருக்கு பம்பர் போகும். எங்களுக்கு அப்படி இல்லை.

ஊர்சுற்றி

அக்கா கோபப்படாதீர்கள். நான் சொன்னது கட்டுகிற விதத்தில் கட்டினால் போகும் என்பதுதான். அம்பாசடரில் போன பீரோ விழவில்லையே. அந்தக் காலத்தில் யார் இயற்பியல் கணக்குப் போட்டார்கள்?

குட்டியானைக்காரன்

ஊர்சுற்றி அண்ணாச்சி, அம்பாசடரை ஏன் இழுக்கிறீர்கள்? அதன் கூரையைச் சுற்றி மழைத்தண்ணீர் வடிகிற தகட்டு விளிம்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கேரியரின் காலை அந்த விளிம்பில் கொக்கி போட்டு போல்ட் முறுக்குவார்கள். அந்தக் கேரியரில்தான் பீரோவைக் கட்டியிருப்பார்கள், வெறுங்கூரையில் இல்லை. பிரிமியர் பத்மினியிலும் அப்படித்தான். இப்போது வருகிற கார்களில் அந்த விளிம்பே கிடையாது, வழவழ என்று இருக்கிறது. சில வண்டிகளில் கூரையில் இரண்டு கம்பி தெரியும். அதிலும் பாதி அழகுக்கு ஒட்டினது, கயிறு கட்டி இழுத்தால் கையோடு வரும்.

பீரோ கனம். படுத்துக் கிடக்கும், காற்றுக்கு அசையாது. அம்பாசடரும் அந்த ரோட்டில் 40-ஐத் தாண்டியிருக்காது. மெத்தை கனமில்லாமல் அகலமாக இருக்கிறதே, அதுதான் வினை.

கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் போட்டிருப்பான். பெரும்பாலான கார்களுக்கு 50-ல் இருந்து 75 கிலோ, கேரியரின் எடையையும் சேர்த்து. அந்தப் புத்தகத்தை யாரும் பிரிப்பதே இல்லை, டேஷ்போர்டில் உறை கிழியாமல் அப்படியே இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்த்த 194 (1ஏ) பிரிவு இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது அனுமதித்த உயரத்தைத் தாண்டினால், அபராதம் 20,000 ரூபாய். இறக்கி வைக்கிற செலவும் உங்கள் தலையில். மெத்தை விலையே 18,000 என்கிறீர்கள்.

லாரிக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். பிரிவில் ‘மோட்டார் வாகனம்’ என்றுதான் இருக்கிறது. பின்னால் ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டலாம், சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்தச் சலுகையை 2014-லேயே மத்திய அரசு எடுத்துவிட்டது. டிக்கியில் இருந்து ஏணியும் பிவிசி பைப்பும் நீட்டிக்கொண்டு போகிற வீட்டுக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

விழுந்து யாருக்காவது உயிர்ச்சேதம் ஆனால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 106-ன் கீழ் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும், 5 ஆண்டு வரை சிறை. அப்புறம், சாதாரண கார் இன்சூரன்ஸ் ஏற்றின சாமானுக்குக் கிடையாது. மேலே கட்டின மெத்தைக்கோ உள்ளே வைத்த டிவிக்கோ அதில் ஒரு பைசா வராது.

பார்வதிபுரத்தான்

சரி, கூரையில் கட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அக்கா சொன்னதைப் படித்ததும் மச்சானே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆனால் கட்டில் பிரித்துத்தான் வருகிறது, அட்டைப்பெட்டியில். நீளப் பலகை ஆறரை அடி. பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கியில் இருந்து முன்சீட்டு நடுவரைக்கும் நீட்டி வைத்துக்கொள்ளலாம் அல்லவா? தங்கை வீட்டில் இருந்து ஒரு பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதையும் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்க்கிறேன். டிக்கி மூடாவிட்டால் கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வேன். உள்ளே இருப்பதால் காற்றுப் பிரச்சினை இல்லையே?

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்

இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்து வீடு மாற்றுகிற சீசன் தொடங்கியதும் எனக்கு வருகிற போன் பாதியும் இதுதான்: “வீடு மாத்தினதில் இருந்து ஃப்ரிட்ஜ் கூலிங் இல்லை சார்.” எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் ஒரு நிமிஷம் பதில் வராது.

கம்ப்ரசருக்குள்ளே எண்ணெய் இருக்கிறது. நிற்க வைத்தால் அடியில் இருக்கும். படுக்க வைத்துக் குலுக்கிக்கொண்டு போனால் குழாய்க்குள் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் பால் கெட்டுப்போகும் என்று உடனே பிளக்கைச் சொருகுகிறார்கள். எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் ஓடும், இல்லாவிட்டால் அந்த எண்ணெய் முடிபோல மெல்லிய கேபிலரி குழாயில் போய் அடைக்கும். இரண்டில் எது நடந்தாலும் செலவுதான். கம்ப்ரசருக்குள் மோட்டார் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. படுக்க வைத்து ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டால் ஸ்பிரிங் நழுவி, ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் ‘கடகட’ என்று அடிக்கும்.

வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்தாலும் கொண்டுவந்து நிமிர்த்தி, எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அதைவிடக் கூடுதலாக நிற்க வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. உள்ளே கண்ணாடித் தட்டு, காய்கறி டப்பா எல்லாம் முதலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். கதவை டேப் ஒட்ட வேண்டும்.

சமீப வருஷத்து ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்கிற கேஸ், ஐசோபியூட்டேன். அளவு கொஞ்சம்தான், ஆனால் தீப்பிடிக்கிற கேஸ். பின்பக்கக் குழாய் ஜாக்கியிலோ டிக்கி கொக்கியிலோ இடித்துக் கீறினால் கசிவது மூடின காருக்குள்.

ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கும்போது டிரம் அசையாமல் இருக்கப் பின்னால் நாலு நீள போல்ட் போட்டு வந்திருக்கும். ஆள் வந்து கழற்றிக் கையில் கொடுப்பார், நீங்கள் எங்கேயோ போட்டுவிடுவீர்கள். டிரம்மில் கான்கிரீட் கட்டி பொருத்தியிருக்கிறது. அந்த போல்ட்டைத் திரும்ப முடுக்காமல் நகர்த்தினால் உள்ளே எல்லாம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும்.

பிளஸ் டூ வாத்தியார்

டிக்கியைத் திறந்து வைத்து ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், சைலன்சர் புகை சுழன்று அங்கேயே நிற்கும். டிக்கி திறந்திருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் தெரியும். கதவு மேலே போனதும் நம்பர் பிளேட்டும் வானத்தைப் பார்க்கும்.

அப்புறம், உள்ளே வைத்தால் ஆபத்தில்லை என்பது பாதிதான் சரி. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது மோதி நின்றால் கார்தான் நிற்கும், கட்டாத சாமான் நிற்காது, அதே 50-ல் முன்னால் வரும். அந்த வேகம் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடிப் பலகையின் முனை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியர் லீவருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மோதக்கூட வேண்டாம், குறுக்கே ஒரு மாடு வந்து நீங்கள் பிரேக்கை அழுத்தினாலே அது கியரில் வந்து இடிக்கும்.

ஊர்சுற்றி

இதில் வாத்தியார் பக்கம்தான். எங்கள் சித்தப்பா ஊரில் இருந்து பாட்டியின் ஆட்டுக்கல்லை ஹாலில் அலங்காரத்துக்கு வைக்க வேண்டும் என்று காரில் ஏற்றினார். கல்லை டிக்கியில் அசையாமல் அணை கொடுத்து வைத்தார், குழவியைப் பின்சீட்டில் சும்மா உருட்டிவிட்டார். கயத்தாறு பக்கம் பிரேக் போட்டதும் அது சீட்டில் இருந்து உருண்டு தரையில் விழுந்தது. சித்தி அப்போதுதான் காலை மேலே தூக்கி வைத்திருந்தார். அந்த ஆட்டுக்கல் இப்போது ஹாலில் ஜோராக இருக்கிறது, சித்திதான் அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பாவைத் திட்டுவார்.

ஒரு சந்தேகம் மெக்கானிக் சார். 55 இஞ்ச் டிவி வாங்கினால் பின்சீட்டில் படுக்க வைத்து எடுத்துப்போகலாமா?

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்

டிவியை மட்டும் படுக்க வைக்கவே கூடாது. நடுவில் தாங்கல் இல்லாமல் பேனல் வளையும், குலுக்கலில் கீறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆன் செய்தால்தான் குறுக்கே கோடு வரும். கடைக்காரர் ‘டெலிவரி எடுத்த பிறகு எங்கள் பொறுப்பில்லை’ என்பார். 43 இஞ்ச் என்றால் பெட்டியோடு நிமிர்த்திப் பின்சீட்டில் சாய்த்து சீட்பெல்ட் போட்டுவிடலாம். 55 பெட்டி சின்னக் கார்களின் கதவுக்குள் நேராக நுழையாது. கடை வண்டியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். இறக்கி, மாட்டி, படம் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தோவாளை அக்கா

பார்வதிபுரத்தான் தம்பி, ஒன்று கேட்கட்டுமா? மெத்தை இன்னும் வாங்கவில்லை, பேசித்தானே வைத்திருக்கிறீர்கள்? சுருட்டி, காற்றை உறிஞ்சி, பெட்டியில் அடைத்து வருகிற ஃபோம் மெத்தை இருக்கிறதே. என் தம்பி வாங்கினான், டிக்கியில் நின்றுவிட்டது. வீட்டில் பிரித்துப் போட்டால் தானாக உப்பிக்கொள்ளும். ஸ்பிரிங் மெத்தை என்றால் நீங்களாகச் சுருட்ட முயற்சி செய்யாதீர்கள், ஓரக்கம்பி மடங்கிவிடும்.

குட்டியானைக்காரன்

அக்கா சொன்னது நல்ல யோசனை. கட்டிலும் ஃப்ரிட்ஜும் இருப்பதால் எப்படியும் ஒரு வண்டி வேண்டும், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

கடையில் 1,800 என்றால் அது உங்கள் ஒருவருக்கு மட்டும் தனி வண்டி. நாகர்கோவிலுக்கு மொத்தமாக எப்போது லோடு போகிறது என்று கேளுங்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் குமரிப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் நெல்லையில் வாங்குவார்கள், நாலைந்து வீட்டுச் சாமானைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்புவார்கள். அதில் ஏற்றினால் கூலி இறங்கும். இல்லையென்றால் ரிட்டர்ன் வண்டி பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து நெல்லைக்கு லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவன் டீசல் காசு வந்தால் போதும் என்று வருவான். நம்பர் போர்டு மஞ்சளா, அதாவது வாடகைக்கு ஓட்டுகிற வண்டிதானா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டிக்காரன் குறைத்துக் கேட்பான், வழியில் பிடித்தால் உங்கள் சாமான் நடுரோட்டில் நிற்கும்.

பேசும்போதே இறக்குக்கூலி சேர்த்தா, எத்தனையாவது மாடி என்பதைச் சொல்லிவிடுங்கள். சண்டை எப்போதும் வாசலில்தான் வரும். தார்ப்பாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கணவாய் தாண்டினால் சாரல் இருக்கும். ஃப்ரிட்ஜை நிமிர்த்தி கேபினை ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். மெத்தையை அதற்குப் பக்கத்தில் குத்தவைத்து நிறுத்தினால் இரண்டுக்கும் நல்லது.

பார்வதிபுரத்தான்

கடையில் போன் செய்து கேட்டேன். வியாழக்கிழமை நாகர்கோவில் லோடு போகிறதாம், மூன்று வீட்டுச் சாமானோடு. 700 ரூபாய், இறக்குக்கூலி தனி. தங்கை வீடு பாளையங்கோட்டையில்தான், வழியில் ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொள்ள 200 கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வேறு கவலை. வீடு முதல் மாடி. படி மூன்றடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். கட்டிலின் தலைமாட்டுப் பலகை 5 அடிக்கு 4 அடி, ஒரே துண்டு. ஏறுமா அண்ணாச்சி?

குட்டியானைக்காரன்

பலகை ஏறிவிடும், செங்குத்தாகத் திருப்ப வேண்டும். மெத்தைதான் திருப்பத்தில் மாட்டும். லேண்டிங்கில் இருந்து மேல் தளத்துக்கு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து போடுங்கள். ஆறரை அடிக்குக் குறைவு என்றால் பால்கனி வழியாகத்தான் தூக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

பார்வதிபுரத்தான்

சாயங்காலம் அளந்து போடுகிறேன். ஒரு ஆள் மச்சான்தான், அதற்கு மட்டும் வருகிறானாம்.